சாப்ட்டியா, கெளம்பி வா

உங்க போன் அடிக்குது. எடுக்கறீங்க. அந்தப் பக்கம் ஒரு பொம்பள கொரல், "சாப்ட்டியா?"ன்னு மட்டும் கேக்குது. நீங்க இன்னா பண்ணுவீங்க?

"ம், ஆச்சு, நீ?"ன்னுவீங்க. நார்மல் மனுசங்க. எங்க வில்லியனூர்ல தேர் நிக்கற தெருவை சுத்தி இருக்கற ஒருத்தனும் அப்படி சொல்ல மாட்டான். கையில இருக்கறத அப்படியே போட்டுட்டு, "அய்யோ அத்தை, யாரு?"ன்னு அலறுவான். ஏன்னா அத்தை போன் பண்ணி சாப்ட்டியான்னு கேட்டா, எவனோ போய் சேந்துட்டான்னு அர்த்தம்.

இன்னைக்கு காலையில அந்த போன் எனக்கு வந்துது. ஆபீஸ் கேன்டீன்ல பொங்கலும் வடையும் வாங்கி வச்சிகினு உக்காந்திருந்தேன். அத்தைக்கே சீரியஸாம். கெளம்பி வரணுமாம்.

சென்னையில ட்ரெயின் புடிச்சு விழுப்புரம் வந்து, இப்போ பாண்டி போற பஸ்ல ஜன்னல் சீட்டு. பக்கத்துல ஒரு அக்கா மடியில பலாப்பழத்த கொழந்த மாதிரி வச்சிகினு என் போனயே பாக்குது. பாத்துக்கோ அக்கா, ரகசியம் ஒண்ணும் இல்ல. சும்மா உக்காந்தா அழுதுடுவேன், அதான் டைப் பண்றேன். எழுத்து பெசகுனா ரோடு மேல பழி போடுங்க.

அத்தை பேர எழுத மாட்டேன். எங்க ஊர்ல ஒரு பேரும் ஒரு போட்டோவும் சேந்து வந்தா அதுக்கு பேரு பேனர். கண்ணீர் அஞ்சலி, கீழ துண்டு போட்ட ஆளுங்க வரிசை. அந்த வேலைய நான் அவசரப்பட்டு ஆரம்பிச்சு வைக்க மாட்டேன். அப்பறம் "இருந்தாங்க"ன்னு எழுதறதா "இருக்காங்க"ன்னு எழுதறதான்னே தெரியல. கலந்து கட்டி வரும். அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க.

சொந்த அத்தை இல்ல. யாருக்குமே சொந்த அத்தை இல்ல. எங்கம்மாவும் அத்தைன்னு தான் கூப்புடும், நானும் அத்தைன்னு தான் கூப்புடுவேன். அந்த கணக்குல பாத்தா எங்கம்மா எனக்கு அக்கா.

ஒரு காலத்துல அத்தை எஸ்டிடி பூத் வச்சிருந்துதாம். நான் பொறக்கறதுக்கு முன்னாடி கதை. சாவு வூட்டு ஆளுங்க வந்து நம்பர் போட சொல்லுவாங்க. லைன் கெடச்சதும் ரிசீவர காதுல வச்சி ஓன்னு அழுவாங்க. அந்தப் பக்கம் இருக்கறவன் "அலோ, அலோ"ன்னு கத்துவான். மீட்டர் பாட்டுக்கு ஓடும். அத்தைக்கு பொறுமைன்னா இன்னான்னே தெரியாது. ரிசீவர புடுங்கி தானே பேசிடும். அப்படி ஆரம்பிச்ச வேலை. பூத் போயி ரீசார்ஜ் கடை ஆச்சு, ஜெராக்ஸ் ஆச்சு, இப்போ பிஸ்கட்டும் கூல்டிரிங்ஸும். கண்ணாடி கூண்டு மட்டும் அப்படியே இருக்கு, உள்ள வாட்டர் கேன் அடுக்கியிருக்கும். போன் பண்ற வேலை மட்டும் அத்தைய விட்டு போவல. ஊர்ல எவன் செத்தாலும் டாக்டருக்கு அப்பறம் அத்தைக்கு தான் தகவல் போவும். டாக்டருக்கு முன்னாடி போன கேஸும் உண்டு.

மொத கேள்வி சாப்ட்டியா. ஏன்னா சேதி தெரிஞ்சிட்டா, பொணத்த எடுக்கற வரைக்கும் எவனும் வாயில ஒண்ணும் வைக்க மாட்டான். "இல்ல அத்தை"ன்னு சொன்னா, "போயி சாப்டு, அப்பறம் கூப்புடறேன்"னு வச்சிடும். அவன் எங்க சாப்புடுவான்? போனயே பாத்துகினு வெளிறிப் போயி உக்காந்திருப்பான். திரும்ப போன். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன் அத்தை." பொய். கொரல வச்சே அத்தை கண்டுபுடிச்சிடும். "நாதாரி, வெறும் வயித்துல பொய் சொல்ற. போ, ரெண்டு இட்லியாவது தின்னுட்டு வா." அவன் நெஜமா தின்னப்பறம் தான் ரெண்டாவது டயலாக்.

"உங்க மாமாவுக்கு கொஞ்சம் சீரியஸா இருக்குடா. கெளம்பி வா."

அவ்ளோதான். செத்துட்டாருங்கற வார்த்தை போன்ல அத்தை வாயில இருந்து வந்ததே இல்ல. மாமா பிரீசர் பாக்ஸ்ல படுத்து குளுகுளுன்னு இருப்பாரு. தெருவுல பந்தல் போட்டு மேளம் பொளந்து கட்டும்.

"அது இன்னா அத்தை சத்தம்?"

"கோயில்ல இன்னாவோ விசேசம். நீ கெளம்பி வா."

"மாமா கிட்ட போன குடு, ஒரு வார்த்த பேசிடறேன்."

"மாமா இப்போ பேசற நெலமையில இல்ல. கெளம்பி வா."

பாருங்க, அந்த கடைசி பதில்ல ஒரு பொய் கூட இல்ல.

பாரிஸ்ல இருக்கற சொந்தக்காரங்க தான் அத்தைக்கு தலைவலி. எங்க பக்கம் பாதி வூட்டுல ஒருத்தன் பாரிஸ்ல இருப்பான். இங்க ஒருத்தர் சீரியஸ்னதும் அங்க இருந்து ஒருத்தரு கேள்வியா கேக்கறாரு. எந்த டாக்டர், இன்னா ரிப்போர்ட்டு, ஸ்கேன வாட்ஸப் பண்ணுங்க, நான் இங்க ஸ்பெஷலிஸ்ட் கிட்ட காட்டறேன். டாக்டர் நம்பர் வேணும்னு ஒரே புடியா நிக்கறாரு. அத்தை சொல்லுச்சு, "டாக்டரே கெளம்பிட்டாருப்பா. நீயும் கெளம்பு."

ஊர்ல அத்தைக்கு ஒரே போட்டி மாதா கோயில் மணி. யாராவது தவறிட்டா மணி அடிப்பாங்க, கேட்டவன் எல்லாம் கணக்கு போட்டுடுவான். "அதுக்கு ஒரு பக்குவம் இருக்கா பாரு, பட்டுன்னு ஒடச்சிடுது"ன்னு திட்டும். மணிய. கோயில் மணிய எதிரியா நெனச்ச ஆளு உலகத்துலயே எங்க அத்தை ஒண்ணு தான்.

இந்த சீரியஸ் மேட்டர்ல ஒரு பெரிய ஓட்டை இருக்குன்னு நீங்க இந்நேரம் கண்டுபுடிச்சிருப்பீங்க. நெஜமாவே சீரியஸ்னா இன்னா சொல்றது?

அது ஒரு தடவ நடந்துது. எங்க தெரு தாத்தா ஒருத்தருக்கு நெஞ்சு வலி, அரியூர் ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. அத்தை எல்லாருக்கும் உள்ளத உள்ளபடி, சீரியஸ், கெளம்பி வான்னு சொல்லுச்சு. அத்தை உண்மைய சொன்ன ஒரே நாள். பாகூர்ல இருந்து அவரு தங்கச்சி வூட்டு ஆளுங்க வேன் புடிச்சு வந்துட்டாங்க. ஆள் ஒசர ரோஜா மாலையோட. வார்டுக்குள்ள தாத்தா கஞ்சி குடிச்சிகினு உக்காந்திருக்காரு. மால வாசல்ல நிக்குது. தாத்தா மாலைய பாக்கறாரு, மச்சான பாக்கறாரு, திரும்ப மாலைய பாக்கறாரு. "எனக்கா?"ன்னு கேட்டாரு. அந்த மச்சான் ஒரு நொடி யோசிச்சிட்டு, "இல்ல மாமா, டிஸ்சார்ஜுக்கு"ன்னாரு பாருங்க. அந்த மாதிரி சமாளிப்பெல்லாம் எங்க ஊர் தண்ணியில தான் வரும்.

அதுக்கப்பறம் அத்தை ரூல மாத்துச்சு. நெஜ சீரியஸ்னா "அரியூருக்கு வா". இன்னொண்ணுன்னா "வூட்டுக்கு வா". ஆனா இத ஊரே டீகோட் பண்ணிடுச்சு. "வூட்டுக்கு வா"ன்னு கேட்டதும் ஒருத்தன் பாகூர் ஏரிக்கரையில வண்டிய ஓட்டிகினே அழுது, வண்டியோட சரிவுல எறங்கிட்டான். நல்ல வேள, சேறு. அன்னையில இருந்து எங்க வரணும்னு சொல்றதயே அத்தை நிறுத்திடுச்சு. எது கேட்டாலும் கெளம்பி வா. எங்கன்னு கேட்டாலும் கெளம்பி வா.

விழுப்புரம் பக்கம் இருந்து வர்றவங்களுக்கு மட்டும் ஒரு ரோதனை. மொதல்ல அரியூர் வரும், அப்பறம் தான் வில்லியனூர். உயிரோட இருந்தா அரியூர்ல எறங்கணும். இல்லன்னா வில்லியனூர். பஸ்ல உக்காந்துகினு எங்க எறங்கறதுன்னு தெரியாம முழிக்கணும்.

இப்போ முழிக்கறேன்.

வளவனூர் தாண்டிடுச்சு. சரி, சொல்ல வந்ததுக்கு வரேன்.

பைனல் இயர்ல எங்க காலேஜ்ல ஒரு போட்டி வச்சாங்க. ஏஐ வச்சி ஒரு சின்ன புரொடக்டிவிட்டி டூல் செய்யணும், யூசரோட நெஜமான தேவைய தீக்கணும். நானும் கார்த்தியும் ஒரு டீம். கார்த்தி என் கிளாஸ்மேட், கோடு நல்லா அடிப்பான், வாய தொறந்தா தான் பிரச்சன. மீட்டிங்ல பேசுனத கேட்டு அதுவே வேலைய பிரிச்சு குடுக்கற ஆப்புன்னு ஸ்லைடு போட்டுட்டு போனோம். சார் கேட்டாரு, "யாருப்பா உங்க யூசர்?" கார்த்தி, "பிசி புரொபஷனல்ஸ் சார்." "உங்க ஊர்ல எவனாவது பிசியா இருக்கானா? போயி பாத்துட்டு வாங்க."

போனோம். "உங்க ஒரு நாள்ல எந்த வேலைக்கு நெறய நேரம் போவுது?"ன்னு ஒவ்வொருத்தரா கேட்டோம். டீக்கடக்காரரு, "உங்கள மாதிரி ஆளுங்களுக்கு பதில் சொல்றதுக்கு"ன்னாரு. பாகூர்ல நெல்லு போட்ட ஒரு அண்ணன், "மேல பாத்துகினு நிக்கறதுக்கு"ன்னு வானத்த காட்டுனாரு. எங்கம்மா, "நீ எழுந்துக்கற வரைக்கும் காத்துகினு இருக்கறதுக்கு"ன்னுது. செம பல்பு.

அப்பறம் எங்கம்மாவே சொல்லுச்சு. "அத்தைக்கு எதுனா பண்ணி குடுங்களேன்டி. தொண்ட போயிடுச்சு அதுக்கு."

நெஜம் தான். அத்தை கொரல் கொஞ்ச நாளாவே ஒடஞ்ச விசில் மாதிரி இருந்துது. அரியூர்ல காட்டுனதுல, பேச்ச கொறைங்க, கொறைக்கலன்னா இருக்கறதும் போயிடும்னு சொல்லிட்டாங்க. அத்தை அத ஏதோ அவமானம் மாதிரி சொல்லுச்சு. "பேசாம இருன்றாங்கடி. நான் பேசலன்னா இந்த ஊர்ல எவன்டி ஒழுங்கா சாவறது?"

சிரிக்காதீங்க. அத்தைக்கு கொரலே வராத ஒரு நாள் எங்க தெருவுல ஒருத்தரு இறந்துட்டாரு. அவரு பொண்ணு ஒரகடம் பக்கம் கம்பெனியில புதுசா வேலைக்கு சேந்திருந்துது. கம்பெனி பஸ்ல போயிகினு இருந்திருக்கு. சித்தப்பா பையன் ஒருத்தன் ஸ்டேட்டஸ் வச்சிட்டான். மெழுகுவத்தி, ரோஜாப்பூ, பெரியப்பா போட்டோ, ஆழ்ந்த இரங்கல். தன்னோட அப்பாவ அந்த பொண்ணு அங்க பாத்துது. பஸ்ஸு நெறய ஆளு, ஒருத்தரயும் தெரியாது. அத்தை அந்த பையன கொடையால அடிச்சுது. அடிச்சிட்டு கூண்டுக்குள்ள போயி வாட்டர் கேன் மேல உக்காந்துகினு, ரொம்ப நேரம் வெளிய வரல.

எனக்கு வந்த போன சொல்லல இல்ல. பிளஸ் டூ படிக்க திண்டிவனம் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல போட்டிருந்தாங்க. வார்டன் மேடம் போன்ல அத்தை. சாப்ட்டியாடி. அப்பாவுக்கு கொஞ்சம் சீரியஸா இருக்கு. கெளம்பி வா. வார்டன் மேடம் கூடவே வந்தாங்க. வழி பூரா அப்பாவுக்கு இன்னா வாங்கினு போலாம், ஆப்பிளா ஆரஞ்சான்னு கேட்டுகினே வந்தேன். தெருவுல திரும்புனதும் பந்தல் கம்பு தெரிஞ்சுது. கம்ப பாத்ததும் எனக்கு காலு இல்ல. ஆனா கீழ விழல. முனையில அத்தை நின்னுகினு இருந்துது. ஆளு குச்சி, புடி இரும்பு. காதுல, "சாப்ட்டியாடி?"ன்னுது. "ம்"ன்னேன். "அப்ப அழு"ன்னுது.

அடுத்த விசயம்.

டூல். மொத வெர்சன் மெசேஜ் அனுப்பறது. அத்தை பேசும், ஏஐ கேட்டு அழகா எழுதி அனுப்பும். கார்த்தி நம்பருக்கே டெஸ்ட் பண்ணோம். சாப்ட்டியாங்கறத தேவையில்லாத பேச்சுன்னு அதுவே தூக்கிடுச்சு. அப்பறம் எழுதுச்சு பாருங்க: "வணக்கம்! தங்கள் மாமா காலமானார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." கார்த்தியோட மாமா கிணத்துல மீன் புடிச்சிகினு இருக்காரு. இவன் மூஞ்சி பேஸ்தடிச்சி போச்சு.

ரெண்டாவது வெர்சன் போன்லயே பேசும். மெஷின் பொம்பள கொரல். எங்கம்மாவுக்கு போட்டு பாத்தோம். "லோனு வேணாம்மா"ன்னு கட் பண்ணிடுச்சு. அத்தை ஒரு தடவ கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டுது. "இவ யாருடி? இவ கூப்ட்டா எவன் வருவான்?"

அதனால அத்தை கொரல்லயே பேச வைக்கணும். கண்ணாடி கூண்டுல இருந்து கேனெல்லாம் வெளிய எடுத்து வச்சிட்டு, அத்தைய உள்ள உக்கார வச்சி கொஞ்சம் பேச வச்சி ரெக்கார்டு பண்ணோம். மிச்சத்த மெஷினே அந்த கொரல்ல பேசிக்கும். அத்தை தொண்ட நல்லா இருந்தப்ப யார் யாருக்கோ அனுப்புன வாய்ஸ் நோட்டெல்லாம் வாங்கி சேத்தோம். கொரல் பழைய அத்தையாவே வந்துது. கணீர்னு. அத்தை மொத தடவ கேட்டப்ப தலையில இருந்த பூவ சரி பண்ணிகிச்சு.

ரெக்கார்டிங்ல அங்கங்க "ச்சூ, அப்பால போ"ன்னு வந்துது. பக்கத்து வூட்டு ஆடு ஒண்ணு பிஸ்கட்டு பாக்கெட்ட மேய வரும், அத தொரத்தற சத்தம். கார்த்தி அத கவனமா துண்டு துண்டா வெட்டி எடுத்தான். எங்கம்மாவுக்கு போட்டோம். "இது அத்தை இல்ல. அத்தைன்னா நடுவுல ஆட்ட தொரத்தும்"னுது. திரும்ப ஆட்ட உள்ள வுட்டோம்.

அடுத்து கேள்வி பிரச்சன. எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டா ஏஐ தானே ஒரு ஆஸ்பத்திரிய கட்டி, மாடி நம்பரோட சொல்லுது. டாக்டருக்கு பேரும் வச்சிடுது. அத்தை கேட்டுட்டு தலைய ஆட்டுச்சு. "நல்லா பொய் சொல்லுது. ஆனா வெவரமா சொல்லுது. வெவரமா சொன்னா மாட்டிக்கும்டி." கடைசியா எல்லாத்தயும் பிடுங்கி போட்டோம். சாப்ட்டேன்றாங்களா, சாப்டலன்றாங்களான்னு மட்டும் புரிஞ்சிக்கும். மத்த எது கேட்டாலும் கெளம்பி வா. கார்த்தி அழாத கொறை. "இன்னாடி இது, எல்லாத்துக்கும் ஒரே பதிலு. இதுக்கு எதுக்குடி ஏஐ?"

ஜட்ஜும் அதயே தான் கேட்டாரு. ஸ்கிரீன காட்டுனோம். செத்தவங்க போட்டோவ தொடணும், யாருக்கெல்லாம் சொல்லணுமோ அவங்கள தொடணும், கீழ "சொல்லிடு"ன்னு ஒரே பட்டன். இதால யூசருக்கு எவ்ளோ நேரம் மிச்சமாவுது, அந்த நேரத்த வச்சி அவங்க இன்னா புரொடக்டிவா பண்றாங்கன்னு கேட்டாரு. கார்த்தி மூச்சு வுடாம, "நிப்பாங்க சார்"ன்னான். ஹால்ல எல்லாம் சிரிச்சிட்டான். பரிச ஹாஸ்டல் வாஷிங்மெஷின புக் பண்ற ஆப்பு தூக்கினு போயிடுச்சு.

ஆனா கார்த்தி சொன்னது கரெக்ட்டு. முன்ன எல்லாம் அத்தை போன் பேசி முடிக்கறதுக்குள்ள பாதி சொந்தம் வந்து எறங்கிடும், முனையில நிக்க ஆள் இருக்காது. எங்கப்பா சாவுக்கு நான் கொஞ்சம் லேட்டா வந்ததால தப்பிச்சேன். டூல் வந்தப்பறம் அத்தை பட்டன அழுத்திட்டு, தண்ணி பாட்டில எடுத்துகினு நேரா முனைக்கு போயிடும். பஸ்ஸு நிக்கறப்ப எல்லாம் எறங்கறவங்க மூஞ்சிய பாக்கும். எவன் ஆப்பிளோட எறங்கறானோ அவன் பக்கத்துல போயி நின்னுக்கும்.

நான் ஒரு தடவ கேட்டேன். "ஏன் அத்தை, போன்லயே சொல்லிட்டா இன்னா? இன்னைக்கு எவன் நம்பறான் உன் சீரியஸ?"

அத்தைக்கு அப்போ கொரல் காத்தா தான் வந்துது. "எவனும் நம்பறதில்ல, எனக்கு தெரியாதா? போன்ல சொன்னா விழறவன அங்க யாருடி புடிக்கறது? வந்து விழட்டும்."

சொல்லிட்டு ஆட்டுக்கு ஒரு பிஸ்கட்டு போட்டுது. தொரத்தறதும் அது தான், போடறதும் அது தான்.

ரொம்ப நல்லவங்கன்னு நெனச்சிடாதீங்க. தனக்கு முன்னாடி வேற யாராவது சேதி சொல்லிட்டா அவங்க கூட வருசக்கணக்குல பேசாது. சாவு வூட்டுல காபி சரியில்லன்னு சண்ட போடும். எங்கப்பா கருமாதியில, வடையில உப்பு கொறைவுன்னு சமையல்காரன கூப்ட்டு திட்டுச்சு. அந்த போன மட்டும் யாரயும் தொட வுடாது. சார்ஜ் போட கேட்டா கூட, "நீ வயர குடு, நான் சொருவிக்கறேன்"னும். பட்டன் அதோட விரலுக்கு மட்டும் சொந்தம்.

திருபுவனை வந்துடுச்சு.

காலையில வந்த போன அப்படியே எழுதறேன்.

"சாப்ட்டியாடி?"

தட்டுல பொங்கல் அப்படியே இருக்கு. "சாப்ட்டேன் அத்தை."

"அத்தைக்கு கொஞ்சம் சீரியஸா இருக்குடி. கெளம்பி வா."

"எந்த அத்தைக்கு? நீ பேசறியா? அத்தை?"

"ச்சூ, அப்பால போ. கெளம்பி வா."

கொரல் கணீர்னு இருந்துது. போன தடவ ஊருக்கு போனப்ப அத்தை ஜாட காட்டி தான் பேசுச்சு. அதனால பேசுனது மெஷின்னு தெரியும். அதுவும் இல்லாம, சாப்ட்டேன்னு நான் சொன்ன பொய்ய அது நம்பிடுச்சு. அத்தையா இருந்தா நாதாரின்னு திட்டியிருக்கும். மெஷினு சரி. பட்டன அழுத்துனது யாரு? அத்தைன்னா, பெட்ல படுத்துகினே தன்னோட போட்டோவ தானே தொட்டு, என்ன தொட்டு, சொல்லிடுன்னு அழுத்தியிருக்கு. அப்போ அரியூர். வேற யாராவது அழுத்தியிருந்தா, அந்த போன அத்தை கையில இருந்து எடுத்திருக்காங்க.

கார்த்திக்கு போன் போட்டேன். பெங்களூர்ல இருந்து அவனும் கெளம்பிட்டான். "டூலோட லாக்க பாருடி, எல்லாம் பதிஞ்சிருக்கும்"ன்னான். பாத்தேன். பட்டன் அழுத்துனது பதிஞ்சிருக்கு. யாரு விரல்னு பதியாது. அத வைக்கலாமான்னு டூல் செய்யறப்பவே கார்த்தி கேட்டான். யூசருக்கு தேவயில்லடான்னு நான் தான் சொன்னேன்.

அம்மாவுக்கு போட்டேன். "மா, உண்மைய சொல்லு. அத்தை எப்படி இருக்கு?"

அம்மா மூக்க உறிஞ்சுச்சு. "நீ மொதல்ல கெளம்பி வா."

"கெளம்பிட்டேன்மா. பஸ்ல இருக்கேன். எங்க எறங்கறது?"

"வா"ன்னு வச்சிடுச்சு.

பலாப்பழ அக்கா இவ்ளோ நேரமும் படிச்சிகினு தான் வந்திருக்கு. "எங்க எறங்க போறம்மா?"ன்னு கேக்குது. கண்டமங்கலத்துல எறங்க வேண்டிய ஆளு, எறங்காம உக்காந்திருக்கு. "தெரிலக்கா"ன்னேன். வில்லியனூர்ல எறங்குனா தெரு முனை தெரியும். முனையில அத்தை நிக்கலன்னா எனக்கு இன்னா ஆவும்னு எனக்கு தெரியும். இந்த டூல்ல அதுக்கு ஒரு பட்டன் கெடையாது.

அரியூர்ல எறங்கிட்டேன். ஆஸ்பத்திரி எதிர்ல டீக்கடையில நின்னு, உள்ள போறதுக்கு முன்னாடி பன்னு தின்னுகினு இருக்கேன்.